சி.எஸ்.ஆர். கையில் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். எங்கே?

கேள்வி: என் ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ஐந்து தவணை பாக்கி. வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த வண்டியை இரவில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். காலையிலேயே அப்பா போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவந்தார். இன்றோடு 24 நாள் ஆகிறது. எஃப்.ஐ.ஆர். கேட்டால், "முதலில் தேடிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்பாவுக்கு 67 வயது. சாயங்காலம் வரச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, எஸ்.ஐ. இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஆறாவது நாள்தான் சொன்னேன். 48 மணி நேரத்துக்குள் சொல்லாததால் கிளைம் கிடைப்பது சந்தேகம், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் எதுவுமே நடக்காது என்கிறார். வண்டி வாங்கும்போதே ஐந்து வருட இன்சூரன்ஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள். நான் என்ன செய்ய வேண்டும்? பணம் வந்த பிறகு வண்டி கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகி

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரி,

ஸ்டேஷன் விஷயத்துக்கு வருமுன் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். "ஐந்து வருட இன்சூரன்ஸ்" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முதல் கவலை. புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டி திருடுபோனால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. திருட்டுக்குப் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' என்ற இன்னொரு பகுதி. பல ஷோரூம்களில் இதை முதல் வருடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, மொத்தமாக "ஐந்து வருடம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிறவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். பாலிசியில் இரண்டு காலக்கெடுவும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். வண்டி திருடுபோன தேதியன்று ஓன் டேமேஜ் உயிரோடு இருந்ததா, ஐ.டி.வி. (வண்டிக்குப் பாலிசியில் குறிப்பிட்டிருக்கும் மதிப்பு) என்ற இடத்தில் எவ்வளவு தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தொகையை ஒட்டித்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஒருவேளை அது காலாவதியாகியிருந்தால் கிளைம் இல்லை. அப்போதும் எஃப்.ஐ.ஆர். தேவைதான். உங்கள் பெயரில் பதிவான வண்டி யாரோ ஒருவன் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து அவன் செயின் பறித்தாலும், ஒருவரை இடித்துவிட்டுப் போனாலும், முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான்.

சரி, இனி சி.எஸ்.ஆர். அது "உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம்" என்பதற்கான ரசீது. ஒரு பதிவேட்டில் வரிசை எண், தேதி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால் நிலைமையே வேறு. அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வழக்குக்கு ஒரு எண் விழும். அந்த ஸ்டேஷனின் குற்றக் கணக்கில் ஒன்று கூடும். புலன்விசாரணை நடத்தி, குற்றப்பத்திரிகையோ "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற இறுதி அறிக்கையோ தாக்கல் செய்தே ஆக வேண்டும். சி.எஸ்.ஆரில் இந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. கிடைக்க வாய்ப்பில்லாத ஸ்கூட்டருக்கு எதற்கு ஒரு வழக்கைச் சுமப்பது என்றுதான் பல ஸ்டேஷன்களில் இழுக்கிறார்கள். பெரும்பாலும் உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. அதனால் போய்ச் சண்டை போட்டும் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 173 எஃப்.ஐ.ஆர். பற்றியது. வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் போலீஸ் அதைப் பதிவு செய்ய வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். இது புதிய சட்டம் கொண்டுவந்த சலுகை என்று நினைக்காதீர்கள். 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தகவலில் அப்படிப்பட்ட குற்றம் தெரிந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

"முதலில் தேடிப் பார்ப்போம்" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. வண்டி கிடைக்குமா என்பது புலன்விசாரணையின் முடிவு. எஃப்.ஐ.ஆர். அதன் ஆரம்பம். முடிவு தெரிந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்றால் எப்படி? 173(3) என்று ஒரு உட்பிரிவு இருப்பதை யாராவது உங்களிடம் சொல்லலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், பதிவுக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை செய்துகொள்ள அது அனுமதிக்கிறது. திருட்டுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303(2)இன்படி மூன்று ஆண்டு வரை சிறை. ஆகவே அந்த உட்பிரிவு உங்கள் வழக்குக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். அந்த விசாரணையிலும் பார்க்க வேண்டியது குற்றம் நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். உங்களுக்கு 24 நாள் ஆகிவிட்டது.

ஒரு சின்ன எச்சரிக்கை. புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருடுபோனால், அது போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் வகையில் வராது. "பழைய வண்டிதானே" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்திருக்கட்டும். புகாரில் வண்டியின் மதிப்பை எழுதிவிடுங்கள். ஐ.டி.வி. தொகையையே போடலாம்.

இப்போது உங்கள் அப்பா கொடுத்த புகாரின் நகலைப் பாருங்கள். "வண்டியைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தர வேண்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறாரா? பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவோம். ஸ்டேஷன் வாசலில் எழுதிக் கொடுப்பவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். அதில் குற்றம் என்று எதுவும் இல்லை. இரவல் கொடுத்து மறந்திருக்கலாம், தவணைக்காக ஃபைனான்ஸ்காரர் எடுத்துப் போயிருக்கலாம் என்று சொல்லிச் சி.எஸ்.ஆரோடு நிறுத்திக்கொள்ள அது வசதியாகிவிடுகிறது. அடுத்து அனுப்பப்போகும் மனுவில் இதைச் சரிசெய்துகொள்ளலாம். ஏறக்குறைய இப்படி:

"பதிவு எண் ……… கொண்ட எனது ஸ்கூட்டரை ……… தேதி இரவு 10.30 மணிக்கு என் வீட்டு வாசலில் ஹேண்டில் லாக் செய்து நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை 6 மணிக்குள் அடையாளம் தெரியாத நபர்கள் அதைத் திருடிச் சென்றுவிட்டனர். வண்டியின் இரண்டு சாவிகளும் என்னிடம் உள்ளன. யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. கடன் தவணைகளை நிலுவையின்றிச் செலுத்திவருகிறேன். வண்டியின் மதிப்பு ரூ. ………. அன்று காலையே என் தந்தை ……… காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். எண் ……… பெற்றுள்ளார். இன்றுவரை வழக்குப் பதிவு செய்யப்படவில்லை. எனவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)இன் கீழ் இம்மனுவை அனுப்புகிறேன்."

நேரம், எண்களையெல்லாம் உங்கள் விஷயத்தில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாததைச் சேர்க்க வேண்டாம். ஒரு சாவி தொலைந்துபோயிருந்தால் தொலைந்தது என்றே எழுதுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் இரண்டு சாவியையும் கேட்பார். அங்கே போய் முரண்பட்டால் அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள். ஆர்.சி. நகல், சி.எஸ்.ஆர். நகல், லோன் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணைத்து, உங்கள் கையெழுத்தோடு மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நீங்கள் இருப்பது கமிஷனரேட் உள்ள மாநகரம் என்றால், உங்கள் பகுதி துணை கமிஷனருக்கு. எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்கும் நாள் எது என்று கேட்டு நேரில் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் தபாலையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலமாகத் தபாலில் அனுப்பலாம் என்று 173(4) சொல்கிறது. அந்தத் தபால் ரசீதும், போய்ச் சேர்ந்ததற்கான விவரமும் அடுத்த கட்டத்துக்கு உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆதாரங்கள்.

அடுத்த கட்டம் மாஜிஸ்திரேட் கோர்ட். எஸ்.பி.க்கு எழுதியும் அசைவில்லை என்றால் அங்கே மனு போடலாம். ஸ்டேஷனுக்கு எப்போது போனீர்கள், எஸ்.பி.க்கு எப்போது அனுப்பினீர்கள் என்பதைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் கூடவே வேண்டும். போலீஸ் தரப்பையும் கேட்டுவிட்டு, பிரிவு 175(3)இன்படி விசாரணைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். எஸ்.பி. படியைத் தாண்டிவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு நிற்காது. "ஹைகோர்ட்டில் ஒரு டைரக்‌ஷன் வாங்கிவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு ஸ்கூட்டருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். கீழே இருக்கும் வழியை முதலில் பாருங்கள் என்றுதான் அங்கேயும் பெரும்பாலும் சொல்வார்கள். அனுபவத்தில் பார்த்தால், முறையாக எழுதிய 173(4) மனு எஸ்.பி. ஆபீஸிலிருந்து ஸ்டேஷனுக்குக் கீழே வந்த பிறகு பல கேஸ்கள் கோர்ட் வரை போவதேயில்லை.

வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12இன்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் ஆணையத்தின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆகவே மனுக்கள் உங்கள் பெயரில் போகட்டும். வண்டியும் உங்களுடையதுதானே.

"எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் போலீஸ்காரருக்கு இரண்டு வருடம் ஜெயில்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அது பாதி உண்மை. அந்தப் பிரிவு பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற குறிப்பிட்ட குற்றங்களுக்கானது. திருட்டுக்குப் பொருந்தாது. அதைப் படித்துவிட்டு ஸ்டேஷன் ரைட்டரிடம் போய் மிரட்டிவிடாதீர்கள். அவருக்குப் பிரிவு தெரியும், உங்கள் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போய்விடும்.

அப்பா விஷயம். ஒரு வழக்கில் விசாரணைக்கு ஒருவரை அழைக்க வேண்டும் என்றால் எழுத்து மூலமாக அழைக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 179 இதைத்தான் சொல்கிறது. வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆரே போடாத நிலையில் இந்தப் பிரிவின்கீழ் அழைக்கவே வழியில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அடுத்த முறை போன் வந்தால் அப்பா மரியாதையாகவே சொல்லட்டும்: "எனக்கு 67 வயசு சார், வீட்டுலதான் இருக்கேன், எப்ப வேணாலும் வந்து கேளுங்க."

எஃப்.ஐ.ஆர். போடுகிறோம் என்று ஒரு நாள் கூப்பிடுவார்கள். நான் அதிகம் கவலைப்படுவது அந்த நாளைப் பற்றித்தான். "புதிதாக ஒரு புகார் எழுதுங்கள், இன்றைய தேதி போடுங்கள்" என்பார்கள். எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால், வண்டி போய் ஒரு மாதம் கழித்துத்தான் நீங்கள் போலீஸுக்கே வந்தீர்கள் என்று ஆகிவிடும். பழைய புகாரின் மேலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால், புதிய புகாரின் முதல் வரியிலேயே பழைய தேதியும் சி.எஸ்.ஆர். எண்ணும் வரட்டும். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் சம்பவம் நடந்த தேதிக்கு ஒரு இடம், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த தேதிக்கு ஒரு இடம், தாமதத்துக்கான காரணத்துக்கு ஒரு இடம் இருக்கும். இந்த மூன்றையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அப்படியே பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் ஆர்.சி.யை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணில் ஒரு 8, 3 ஆகிவிட்டால் அதைத் திருத்த இன்னொரு மாதம் அலைய வேண்டும்.

ஏஜென்ட் சொன்ன 48 மணி நேரத்துக்கும், அப்பா முதலில் போலீஸில் புகார் கொடுத்த அந்தத் தேதிதான் பதில். உடனே தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருப்பது உண்மை. ஆனால் 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வாகனம் திருடுபோனதும் போலீஸில் உடனே புகார் செய்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி உண்மையான கிளைமை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கம்பெனிக்குச் சொல்ல ஆன தாமதம் 52 நாள். ஏஜென்ட்டிடம் சொன்னதை விட்டுவிட்டு இன்றுவரை கணக்கிட்டாலும் உங்களுடையது 24 நாள்தான். வண்டி போன அன்று காலையே போலீஸுக்குப் போனீர்கள் என்பதற்கு ஆதாரம் எது? இத்தனை நேரம் நான் குறைத்துச் சொன்ன அதே சி.எஸ்.ஆர். ரசீதுதான். அதை நாலு நகல் எடுத்து, அசலைப் பத்திரமாக வையுங்கள்.

ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. கம்பெனிக்கு இன்றே மெயில் அனுப்பி, கிளைம் எண் வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். வந்ததும் அனுப்புகிறேன் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்.டி.ஓ.வுக்கும் வண்டி திருடுபோன விவரத்தை எழுத்தில் கொடுத்து அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் கம்பெனி கேட்கப்போவது, வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸின் இறுதி அறிக்கை. எல்லோரும் நான்-டிரேசபிள் சர்டிஃபிகேட் என்பார்களே, அது. அதற்குச் சில மாதம் ஆகும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 193 சொல்வதால், அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்துக் கேளுங்கள்.

அதுவரை தவணையை நிறுத்த வேண்டாம். வண்டி போனதற்கும் கடனுக்கும் சம்பந்தமில்லை. நிறுத்தினால் அபராத வட்டியும், சிபில் ஸ்கோரும்தான் மிச்சம். கிளைம் தொகையில் கடன் பாக்கி முதலில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகும், மீதி உங்களுக்கு. எல்லாம் கொடுத்தும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையான விவகாரத்துக்கு அங்கேயும் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இதைப் பற்றி இப்போதே யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்வி. பணம் வருவதற்கு முன் வண்டி கிடைத்துவிட்டால் அது உங்களுடையது. ஆனால் அது வழக்குச் சொத்து என்பதால் கோர்ட் வழியாகத்தான் கைக்கு வரும். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வாங்கலாம். வண்டிகளை ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே தாமதிக்காமல் கேளுங்கள். பார்ட்ஸ் கழற்றப்பட்டிருந்தால் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். ஓன் டேமேஜ் உயிரோடு இருந்தால் சேதத்துக்கு கிளைம் கேட்க வழி உண்டு. பணம் வந்த பிறகு கிடைத்தால் வண்டி கம்பெனிக்குச் சொந்தம். பணம் தரும்போதே அதற்கான கடிதத்திலும் ஆர்.டி.ஓ. படிவங்களிலும் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியே இருந்தால் போலீஸ் கூப்பிடுவது உங்களைத்தான். அப்போது நீங்களாகப் போய் வண்டியை எடுத்துவராமல், கிடைத்த விவரத்தைக் கம்பெனிக்கு மெயிலில் தெரிவித்துவிட்டு, கிளைம் பணம் வாங்கிவிட்டதை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.